கெட்டி மேளத்தோடு முடிந்த சிறப்புரை

எத்தனையோ முகூர்த்தங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து நாதஸ்வரம் வாசித்த அன்பு மச்சான் கோவிந்தசாமிக்கு,

உன் தவில்காரன் சுப்பராயன் எழுதுகிறேன். ஆமாம், எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதச் சொல்லவில்லை. என் கை, என் பேனா. வல்லம் வடகாலில் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒரு வரி முடிப்பதற்குள் எதிரே ஒரு கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிறது, இன்னொன்று வந்து ஏற்றிக்கொண்டும் போய்விடுகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. நீயும் எங்கேயும் கிளம்பப் போவதில்லை.

பல்கலைக்கழகத்தில் விழா மலர் போடுகிறார்களாம். மேளக்காரர் என்ற முறையில் நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு எழுதத் தெரிந்ததே இப்போதுதான். முதலில் எழுதுவதை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது? மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

நீ கண்ணை மூடினபிறகு வந்த முதல் முகூர்த்தத்திலேயே நான் தப்பான மண்டபத்தில் போய் இறங்கினேன். பத்திரிகையைப் படித்து இடம் சொல்வது உன் வேலையாகவே இருந்துவிட்டது. உன் மகள் தேவகி, அவள்தான் இப்போது நம் செட்டில் நாதஸ்வரம், நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். நான் ஒரகடத்தில் சீரியல் லைட் எரிந்த முதல் மண்டபத்தில் நுழைந்து, தவில் உறையைக் கழற்றி, வாரை இழுத்துக் கட்டி, ஒரு தட்டும் தட்டிவிட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு செட் உட்கார்ந்திருந்தது. அதில் இருந்த சின்னத் தவில்காரன், "இன்னா பெரியவரே, போட்டிக்கா வந்துகீறீங்க?" என்றான். கல்யாண வீடே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வாரமே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கிற எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது செல்வி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இங்கே போன் சார்ஜர் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். நாம் வருஷா வருஷம் வாசிக்கும் தண்டலம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை பட்டப்படிப்பு தொடங்கினார்கள் அல்லவா, அதில் பி.காம். படித்தாள். அந்தப் படிப்பில் ஆளுக்கு ஒரு பெரியவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. அவள் பங்குக்கு நான் வந்தேன்.

நான் முதலில் படித்த சொல் 'பஸ்'. பாடப் புத்தகத்தில் அம்மா, ஆடு என்றுதான் இருக்கிறது. செல்வி அதை மூடி வைத்துவிட்டு, "தாத்தா, முதல்ல ஒங்களுக்கு எது வேணுமோ அதப் படிப்போம்" என்று ரோட்டுக்குக் கூட்டிப்போய் பஸ் நிறுத்தத்தின் பலகையைக் காட்டினாள். இரண்டே எழுத்து. அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் வீட்டுக்காரி தங்கம்மா, அதாவது என் தங்கச்சி, "இந்த வயசுல இன்னா குஷி பாரு இதுக்கு" என்று திட்டினாள். அவள் நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டமளிப்பு விழாவும் சிறப்பு விருந்தினரும். நமக்கு நன்றாகப் பழகின விஷயம்.

வேந்தரும் பேராசிரியர்களும் அங்கி போட்டுக்கொண்டு ஊர்வலமாக மேடைக்கு வரும்போது நாம் வாசிப்போம். அவர்கள் உட்கார்ந்ததும் நிறுத்துவோம். பிறகு எல்லாம் முடிந்து அவர்கள் எழுந்து போகும்போது மறுபடியும் வாசிப்போம். நடுவில் மேடை ஓரத்தில் உட்கார்ந்து சிறப்புரை முழுவதையும் கேட்போம். அந்த வளாகத்தில் எல்லா வருஷத்துச் சிறப்புரையையும் கேட்டவர்கள் நாம் இரண்டு பேர்தான். பிள்ளைகள் ஒரு வருஷத்தோடு போய்விடுகிறார்கள். பேராசிரியர்கள் தூங்கிவிடுகிறார்கள்.

விருந்தினர் யார் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. நீ நாற்காலியைப் பார்த்தே சொல்லிவிடுவாய். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தால் அரசாங்க அதிகாரி. சிவப்பு சோபா என்றால் அரசியல். சாதாரண நாற்காலியும் முன்னால் ஒரு லேப்டாப்பும் இருந்தால் கம்பெனிக்காரர். மேடையைச் சுற்றிக் கறுப்புச் சட்டைத் தடியர்கள் நின்றால் சினிமா. நீ தவறிப் பார்த்ததில்லை.

கம்பெனிக்காரரைக் கூப்பிட்டால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. சினிமாக்காரரைக் கூப்பிட்டால் அடுத்த வருஷம் பிள்ளைகள் வந்து சேருவார்கள் என்று ஒரு கணக்கு. அன்றைக்குப் பட்டம் வாங்குகிற பிள்ளைக்கு யார் பேசினால் நல்லது என்று யாராவது யோசித்தார்களா? எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தோல்வியைக் கண்டு பயப்படாதே என்றுதான் சொன்னார்கள். நீ நாதஸ்வரத்துச் சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டே என் காதில் சொல்வாய்: "மச்சான், தோத்தவன் ஒருத்தனையாவது இட்டாந்தாங்களா பாரு."

இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளின் முதல் அணி பட்டம் வாங்கியது. பெரிய விழாவில் அவர்களைச் சேர்க்கவில்லை. பெரிய விழாவில் மெடல் வாங்குகிறவர்களை மட்டும்தான் மேடைக்கு அழைக்கிறார்கள், மற்றவர்கள் துறை துறையாக எழுந்து நின்று உட்கார வேண்டியதுதான். பட்டம் பிறகு கவுன்டரில் கிடைக்கும். இவர்கள் குறைந்த பேர் என்பதால் தனியாக ஒரு விழா, ஒவ்வொருவர் பேரும் மைக்கில் கூப்பிட்டு மேடையில் பட்டம் கொடுப்பது என்று முடிவானது. இன்னொரு சலுகையும் கொடுத்தார்கள். விருந்தினர் யார் என்று பிள்ளைகளே சொல்லலாம்.

இதைச் சொன்னவர் விழா அலுவலர் சந்தானம் சார். உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், அவர் வீட்டில் தலைமுறையாகக் கோயில் கைங்கரியம். யார் முதலில் நடப்பது, யாருக்கு எந்த மாலை என்பதில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார்.

விழா நடக்கிற ஞாயிறு, கம்பெனியில் வேலை நாள் என்று அறிவித்துவிட்டார்கள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு லீவு இல்லை. செல்வி பரீட்சைக்கே இருந்த லீவையெல்லாம் தீர்த்துவிட்டாள். அவளும் லீவு இல்லாத மற்றவர்களும் கெஞ்சிக் கூத்தாடி அன்றைக்கு இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஷிப்ட் பஸ் பல்கலைக்கழக வாசலுக்கே வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும்.

"பஸ்ஸ விட்டா ஆப்சென்ட் தாத்தா. இன்னொரு ஆப்சென்ட் விழுந்தா காண்ட்ராக்ட ரினியூ பண்ண மாட்டோம்னு சூப்பர்வைசர் தெளிவாச் சொல்லிட்டாரு" என்றாள்.

"பட்டத்த அப்பால வாங்கிக்கயேன், கண்ணு."

"எனக்காகன்னா வாங்கிக்கிடுவேன். எங்க அம்மா ஊர்லேருந்து வாராங்க. எம் பேர மைக்குல கூப்பிடுறதக் கேக்கணும்னு வாராங்க."

அதற்கு ஒரு காரணம் சொன்னாள். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில், கோயில் கொடை என்பார்கள், அந்தக் கூட்டத்தில் அவள் காணாமல் போயிருக்கிறாள். அப்போது மைக்கில் அவள் பேரைச் சொல்லி, தாயார் எங்கிருந்தாலும் வரவும் என்று அறிவித்திருக்கிறார்கள். அம்மா தன் மகள் பேரை மைக்கில் கேட்டது அந்த ஒரு முறைதான். இன்னொரு முறை, நல்லதுக்குக் கேட்க வேண்டும் என்று ஆசை. இதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

பிள்ளைகள் சந்தானம் சாரிடம் போய், முதலில் பட்டத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் சிறப்புரையை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "சீஃப் கெஸ்ட் பேசறதுக்கு முன்னாடி டிகிரியா? பெருமாள் புறப்படறதுக்கு முன்னாடி பிரசாதம் கொடுக்கற மாதிரின்னா இருக்கு! அதெல்லாம் முறை இல்லம்மா."

அதனால் பிள்ளைகளுக்கு ஒரே வழிதான் மிச்சம். சுருக்கமாகப் பேசுகிற விருந்தினரைப் பிடிக்க வேண்டும். நடிகர் வேண்டாம், ஓட்டப்பந்தய வீராங்கனை வேண்டாம், எச்.ஆர். மேடம் வேண்டவே வேண்டாம். வகுப்பில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாத்தா, நீங்கதான எல்லாரையும் கேட்டிருக்கீங்க. யாரு சட்டுனு முடிச்சாங்க?" என்றாள் செல்வி.

மச்சான், என்னிடம் ஒருவர் கருத்துக் கேட்டார். அதுவும் விருந்தினரைத் தேர்ந்தெடுக்க. நான் கண்ணை மூடி எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். பளிச்சென்று ஒருவர் முகம் வந்தது. ஒரகடத்தில் ஸ்பிரிங் கம்பெனி வைத்திருக்கிற ராமலிங்கம் ஐயா. அவரைப்போலச் சீக்கிரம் முடித்தவர் யாருமே இல்லை. எழுந்தார், வணக்கம் சொன்னார், ஒரு நிமிஷம் பேசினார், முடிந்தது. சபை முழுக்க எழுந்து கை தட்டியது.

"ஸ்பிரிங் கம்பெனி ராமலிங்கம்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சந்தானம் சார் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவரையா? நீங்களா சொல்றேள்?" என்றார். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் தொடையில் கிள்ளியிருப்பாய். அவர் அன்றைக்கு ஏன் சீக்கிரம் முடித்தார் என்பது உனக்கு உடனே ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நீதான் ஞாபகம் வைத்திருந்தாய் என்பது இப்போதுதான் தெரிகிறது.

விழா அன்று காலை, மேடையில் ஜமக்காளம் விரிக்கும்போது தேவகி கேட்டாள். "மாமா, இவரு தானே? எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, அந்த ஆளு?"

"எதுக்குச் சிரிப்பாரு?"

"இன்னா மாமா இப்டி கேக்கற? நீ தானே அவருக்குக் கெட்டி மேளம் கொட்டின!"

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கல்யாண மேடையில் பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தி ஆட்டினால் கெட்டி மேளம் கொட்ட வேண்டும். யோசிக்க நேரம் இல்லை, தாலி கட்டுகிற நேரம் அது. விரல் உயர்ந்ததைக் கண் பார்த்தால் கை அடித்துவிடும். வாலிப வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. ராமலிங்கம் ஐயா அன்றைக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று" என்று ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார். நான் அடித்துவிட்டேன். நான் அடித்தால் நீ ஊதாமல் இருப்பாயா? பெற்றவர்கள், ஊர்வலத்துக்குத் தூவக் கொடுத்திருந்த ரோஜா இதழ்களை மேடையை நோக்கி வீசிவிட்டார்கள். முடிந்துவிட்டது என்று வேந்தர் எழுந்தார். வேந்தர் எழுந்தால் சபையே எழ வேண்டும் என்பது முறை. ஊர்வலம் புறப்பட்டது. ராமலிங்கம் ஐயா விரலை இறக்கக்கூட மறந்து அப்படியே நின்றார்.

அந்த மனிதரைத்தான் சுருக்கமாகப் பேசுகிறவர் என்று நான் சிபாரிசு செய்திருக்கிறேன்.

வியர்த்துவிட்டது. முன் வரிசையில் செல்வியின் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். மாரியம்மாள் என்று பேர். புதுச் சேலையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த முகம். என்னிடம் வந்து, "அய்யா, நீங்கதான தவிலு தாத்தா? எம் மவ சொல்லுவா. அவ பேர எப்பம் கூப்புடுவாவ?" என்று கேட்டார். பேச்சு முடிந்ததும் என்றேன். "அது எம்புட்டு நேரம் ஆகும்?" என்றார். நான் வாரை இறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஊர்வலம் வந்தது, வாசித்தோம், நிறுத்தினோம். ராமலிங்கம் ஐயா எழுந்தார். தலை இப்போது முழுக்க நரைத்துவிட்டது. மைக்கைப் பிடிப்பதற்கு முன் நம் பக்கம் திரும்பி என்னை நன்றாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மச்சான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போன தடவ எங்க விட்டேனோ, அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்" என்றார்.

ஆரம்பித்தார். கம்பியில் தொடங்கினார். கம்பி ஸ்பிரிங் ஆவதற்கு எத்தனை சூடு பட வேண்டும் என்று சொன்னார். அவர் அப்பாவைச் சொன்னார், முதல் ஷெட்டைச் சொன்னார், ஷெட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்ததைச் சொன்னார். கெட்ட பேச்சு என்று சொல்ல மாட்டேன். வேறு நாளாக இருந்தால் ரசித்துக் கேட்டிருப்பேன். தோல்வியைக் கண்டு பயப்படாதே என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் கை பின்னாலேயே இருந்தது. ஒரு விரல்கூட வெளியே வரவில்லை.

"ஸ்பிரிங் கம்பெனிக்காரராச்சே மாமா" என்றாள் தேவகி, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. "இத்தினி வருசமா அமுக்கி வெச்சதெல்லாம் எகிறிகினு வருது." அப்படியே உன் குரல்.

அங்கி போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கதவைப் பார்க்கத் தொடங்கினார்கள். செல்வி மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஹாரன் கேட்டது. ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன். வீட்டு வாசலில் நாள் முழுக்கக் கேட்கிற எனக்கு அது தெரியாதா?

நான் சந்தானம் சாரைக் கையைக் காட்டி அழைத்தேன். அவருக்கு ஒரு சீட்டு அனுப்புங்கள் என்றேன். "சீஃப் கெஸ்டுக்கா? பேசிண்டிருக்கறப்பவா? நான் மாட்டேன்பா" என்று அவர் நகர்ந்துவிட்டார். பொதுக்கூட்டங்களில் பேச்சாளருக்குத் துண்டுச் சீட்டு கொடுப்பதை நாம் எத்தனை மேடையில் பார்த்திருக்கிறோம். படித்ததும் பேச்சாளர் முகம் மாறும். அதில் என்ன எழுதியிருக்கும் என்று அப்போதெல்லாம் எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கும்.

சட்டைப்பையில் என் பேனா இருந்தது. எழுதத் தெரிந்ததிலிருந்து அது இல்லாமல் வெளியே போவதில்லை. அழைப்பிதழைத் திருப்பி வைத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், வலது கை விரல்களில் கூடு மாட்டியிருக்கிறது. தவில் அடிக்கத் துணி சுற்றி இறுக்கிய கூடு. அதோடு பேனாவைப் பிடிக்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து உருவினேன்.

"குடு மாமா, நான் எழுதறேன். நீ எழுதி முடிக்கறதுக்குள்ள ரெண்டாவது ஷிப்ட்டே முடிஞ்சிடும்" என்றாள் தேவகி.

"பேரச் சொன்னது நான்தானே? நானே எழுதறேன்."

எழுதினேன். தவில்மேல் அட்டையை வைத்து எழுதினேன். 'ஐயா' என்று எழுதுவதற்குள் அவர் முதல் ஷெட்டிலிருந்து இரண்டாவது ஷெட்டுக்கு வந்துவிட்டார். 'பிள்ளைகளுக்கு' என்பது நீளமான சொல், அதில் பாதி தூரம் போகும்போது அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. 'பஸ்' மட்டும் சீக்கிரம் வந்தது. அது எனக்குப் பழகின சொல். கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: ஐயா, பிள்ளைகளுக்கு பஸ் வந்து விட்டது. பேர் கூப்பிட வேண்டும். தவில் சுப்பராயன்.

எழுந்து போய் அவர் முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மேடையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர் பேசிக்கொண்டே அட்டையை எடுத்தார், தூரமாக நீட்டிப் பிடித்துப் படித்தார், பேச்சு நின்றது. இன்னொரு முறை படித்தார்.

"எந்தக் கம்பெனி பஸ்?" என்று பிள்ளைகளைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார். பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். "எத்தன பேரு போகணும்?" பிள்ளைகளில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நானும் கம்பெனி நடத்தறவன்தானே, பஸ் நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தவில்காரரே, அன்னைக்கும் நீங்கதானே?"

நான் எழுந்து கும்பிட்டேன். "நான்தான் ஐயா."

"இன்னைக்கு முன்ஜாக்கிரதையா கையக் கட்டிகினு வந்தேன். அப்பவும் உங்ககிட்டேர்ந்து தப்ப முடியல." அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்தார். பின்னால் கட்டியிருந்த வலது கையைப் பிரித்து, முன்னால் கொண்டுவந்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார். "உம், ஆகட்டும். கெட்டி மேளம்!"

என் விரல்களில் கூடு இல்லை. இடது கைக் குச்சியும் வலது கை வெறும் விரலுமாக அடித்தேன். தேவகி எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நின்றாள். கை எரிந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் தவில் அடித்து நாளாயிற்று.

அதோடு அவர் உட்காரவில்லை. "பஸ்ஸுக்குப் போறவங்கள மொதல்ல கூப்பிடுங்க" என்றார். சந்தானம் சார் வாயைத் திறந்தார். "சார், ரிஜிஸ்டர் நம்பர்படி தான் முறை..." "சீஃப் கெஸ்ட் சொல்றேன் சார்" என்றார் ராமலிங்கம் ஐயா. சந்தானம் சார் அடங்கிவிட்டார். விருந்தினர் சொல்லுக்கு மேல் முறை கிடையாது என்பதும் முறைதானே. விருந்தினரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு லாபம் உண்டு என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேர்களைக் கூப்பிடக் கூப்பிட, பிள்ளைகள் ஒரு பக்கம் ஏறி, பட்டத்தை வாங்கி, மறுபக்கம் இறங்கி அப்படியே கதவை நோக்கி ஓடினார்கள். நான் அவசர அவசரமாகக் கூட்டை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மைக்கில் வந்தது. "செல்வி. மா. செல்வி."

முன் வரிசையில் மாரியம்மாள் துள்ளி எழுந்தார். கையை மேலே தூக்கி, "இந்தா இருக்கேன்! இங்ஙனதான் இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே மேடையை நோக்கி ஓடி வந்தார். கோயில் கொடையில் அன்றைக்கு எப்படி ஓடினாரோ அப்படியே. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. செல்விக்குப் புரிந்தது. அவள் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கூட்டத்தில் ஒரு கை உயர்ந்திருந்தது. விரல் மேலே நின்றது. நான் அடித்தேன், மச்சான். இந்த முறை கூடு மாட்டிய கை. தேவகி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சேர்ந்துகொண்டாள். உன் பெண் அல்லவா.

ராமலிங்கம் ஐயா பட்டத்தைச் செல்வியின் கையில் கொடுத்தார். செல்வி அதை அம்மா கையில் திணித்துவிட்டு, ஒரு முறை கட்டிப் பிடித்துவிட்டு ஓடினாள். அங்கியோடேயே ஓடினாள். எல்லாரும் அங்கியோடேயே ஓடினார்கள். "அங்கி! அங்கி! வாடகை அங்கி!" என்று சந்தானம் சார் பின்னாலேயே ஓடினார். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் ஜன்னலாகக் கறுப்பு அங்கிகள் நெடுஞ்சாலையில் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அங்கிகள் மறுநாள் அதே பஸ்ஸில் மடித்து வந்து சேர்ந்தனவாம். ஒன்றில் மட்டும் கம்பெனி ஐ.டி. கார்டு மாட்டியே இருந்ததாம்.

அரங்கம் காலியான பிறகு மாரியம்மாள் என்னிடம் வந்தார். பட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அய்யா, இதுல என்ன போட்டிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதுல்லா" என்றார்.

எத்தனை பத்திரிகைகளை நீ எனக்கு இப்படிப் படித்துச் சொல்லியிருப்பாய்? ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து, நான் கேட்கிறேனா என்று பார்த்துப் பார்த்து. நானும் அப்படியே விரலை வைத்தேன். மேலே இருந்தது இங்கிலீஷ், அது எனக்கு இன்னும் வராது. கீழே தமிழ் இருந்தது. நிறையக் கஷ்டமான சொற்கள். அவற்றைத் தாண்டிப் போய்ப் பேரைக் கண்டுபிடித்துப் படித்தேன். மா. செல்வி.

"மா-ன்னா?" என்றார்.

"உங்க பேரும்மா. மாரியம்மா."

அவர் அந்த ஓர் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. அழுக்காகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

சாப்பாட்டுப் பந்தியில் ராமலிங்கம் ஐயா எனக்கு எதிரே உட்கார்ந்தார். என் சீட்டு அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது. "ஐயா, ரெண்டு தடவையும் நான் கெடுத்துட்டேன். நீங்க சொல்ல வந்த அந்த ஒண்ணு இன்னா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ரசத்துக்குக் கை காட்டினார். அது என்னவாக இருக்கும்? உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

செல்விக்குக் காண்ட்ராக்ட் புதுப்பித்துவிட்டார்கள். அடுத்து எம்.காம். சேரப் போகிறாளாம். அதற்கும் ஒரு பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். மாரியம்மாளையே மாணவியாகப் போட்டுக்கொள் என்றேன். சட்டத்தில் இடம் உண்டா என்று சந்தானம் சாரைக் கேட்கப் போயிருக்கிறாள். அவர் முறையைப் பார்த்துத்தான் சொல்வார்.

அடுத்த வருஷத்து விருந்தினருக்கும் பிள்ளைகள் என்னிடம் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். இனி ஒருவர் சீக்கிரம் முடித்தார் என்றால், ஏன் முடித்தார் என்று தேவகியிடம் விசாரிக்காமல் வாயைத் திறக்க மாட்டேன். யாராவது எதையாவது நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னால், எவ்வளவு வேலை இருந்தாலும் நீ செய்த மாதிரி விரலை வைத்துப் படித்துச் சொல்வேன். இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், மாற முடியாது.

இப்படிக்கு,
உன் தங்கம்மாவின் அண்ணன், உன் தேவகிக்கு மாமன்,
விரல் உயர்ந்தால் இன்றைக்கும் அடித்துவிடுகிற உன் மச்சான்
சுப்பராயன்